சீற்றத்தின் அடியில்

1924 செப்டம்பர் 23 அன்று நேவா ஆறு பெருக்கெடுத்து லெனின்கிராடு நகருக்குள் புகுந்தது. உடலியலறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வு நாய்கள், ஆய்வுக்கூடத்தைவிட்டுத் தள்ளியிருந்த கொட்டடியில் அடைபட்டிருந்தன. கூண்டுக்குள் நீர் ஏறிக்கொண்டிருந்தபோது பணியாளர்கள் அவற்றை வெளியே இழுத்து, வெள்ளத்தில் நீந்தச் செய்து, ஆய்வுக்கூடத்தில் கொண்டுசேர்த்தனர். உயிர் தப்பிய நாய்களுள் சில முன்போல் இல்லை. பல திங்கள் உழைத்துப் பழக்கிய மறிவினைகள் அவற்றிடம் அற்றுப்போயிருந்தன. ஒரு நாய் மெல்லத் தேறிவந்தது. தேறியபின், அது நின்றிருந்த அறையின் கதவடியில் ஆய்வாளர்கள் சிறிதளவு நீரைக் கசியவிட்டனர். அவ்வளவுதான். நாய் பதறியது, மூச்சிரைத்தது. தேறியதெல்லாம் மீண்டும் குலைந்தது.

சாலையில் இன்னொரு நாயைக் கண்டதும் வாரை அறுத்துக்கொண்டு பாயும் நாயையும், வாசலில் அயலார் நிழல் பட்டாலே பல்லைக் காட்டும் நாயையும் திருத்தும் தொழிலுக்கு இந்த வெள்ளத்து நாய்தான் முதற்பாடம். அச்சம் ஒரே நாளில் பதிந்துவிடும். தணிந்ததுபோல் தோன்றிய பின்னும் உள்ளே இருக்கும். சீறும் நாயைத் திமிர் பிடித்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடத்தை மருத்துவரிடம் வரும் மூர்க்க நாய்களிலோ, மூர்க்கத்துக்கு அடியில் அச்சமே மிகப் பலவற்றில் படிந்திருக்கக் காண்கிறோம்.

இரண்டாம் பாடமும் பாவ்லோவின் கூடத்திலேயே கிடைத்தது. அவருடைய மாணவி மரியா எரோஃபீவா, நாயின் தோலில் வலுவான மின்னோட்டம் பாய்ச்சி, ஒவ்வொரு முறையும் அதைத் தொடர்ந்து உணவு கொடுத்தார். இன்றைய ஆய்வறம் ஒருபோதும் இடம் தராத கொடுஞ்சோதனை அது. ஆனால் விளைவு எவரும் எதிர்பாராதது. நாளடைவில் மின்னோட்டம் பட்டதும் நாய் திமிறவில்லை. உணவு வரும் திசை நோக்கித் தலையைத் திருப்பியது, வாயில் நீரூறியது. துன்பத்தின் அறிகுறி உணவின் அறிகுறியாக மாறியிருந்தது.

இதன் மென்மையான வடிவத்தை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்டார். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவன் விரும்பியதை உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்காவில் பூனைகளைக் கொண்டு ஆய்ந்த ஜோசப் வோல்பி, 1958இல் இம்முறைக்கு நூல்வடிவம் தந்தார். மாந்தரின் அச்சநோய்க்கென வளர்ந்த அந்த மருத்துவமே இன்று நாய்ப் பயிற்றுநரின் கைக்கருவி. அச்சத்தின் பொருளை மாற்றுவது எதிர் ஆக்கநிலையுறுத்தல். அச்சமூட்டுவதைத் தாங்கக்கூடிய அளவில் காட்டி ஏற்றிக்கொண்டே போவது உணர்வுத் தணிப்பு. பெயர்கள் கரடுமுரடானவை, செயல் எளிது. எளிது என்பது சொல்லளவில்தான்.

களத்தில் அது எப்படி நடக்கிறது? திறந்தவெளியின் ஒரு கோடியில் நாயும் பயிற்றுநரும் நிற்கிறார்கள். மறுகோடியில் அமைதியான வேறொரு நாய், வேறொருவர் பிடியில். பயிற்றுநரின் கண் தம் நாயின் வாயில் இருக்கிறது. தளர்ந்து திறந்திருந்த வாய் சட்டென மூடினால், உடலின் எடை முன்கால்களுக்குப் பெயர்ந்தால், வால் விறைத்தால், இடைவெளி போதவில்லை என்று பொருள். அப்போதே பின்வாங்க வேண்டும். குரைத்த பின் பின்வாங்குவது காலங்கடந்தது. நாய் அயல் நாயைப் பார்க்கிறது. பார்த்த பின்னரே கோழித்துண்டு வருகிறது. அயல் நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடுகிறது. இவ்வரிசை தலைகீழானால் தீமை விளையும். முதலில் உணவை நீட்டி, பிறகு அயல் நாயைக் காட்டினால், உணவே அச்சத்தின் முன்னறிவிப்பாகிவிடும். சில நாள்களில் கோழியைக் கண்டாலே நாய் ஐயுற்றுச் சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கும். துண்டை வெடுக்கென்று விரலோடு பறிப்பதும், விருப்ப உணவையே மறுப்பதும் எல்லை மீறியதன் அளவுகோல்கள். அச்சத்தில் அமிழ்ந்த நாய் உண்ணாது. உண்ணாத நாய் அந்நேரத்தில் எதையும் கற்காது.

குரைப்புக்கு அதன் வழியில் ஓர் ஊதியம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. அஞ்சற்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். கடிதத்தைப் போட்டதும் போவதே அவர் வேலை என்பதை நாய் அறியாது. தான் விரட்டியதாகவே கொள்கிறது. நாள்தோறும் வெற்றி கிட்டும் ஒரு செயலை எவர்தாம் கைவிடுவார்? கழுத்தில் வார் கட்டியிருக்கையில் சிக்கல் கூடுகிறது. விலகி ஓடும் வழி அடைபட்டதால், அஞ்சும் நாய்க்கு முன்னோக்கிப் பாய்வது ஒன்றே எஞ்சுகிறது.

இதுவரை சொன்ன மென்முறைக்கு நேரெதிரான பழைய வழி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது: நாயை மல்லாத்தி அழுத்து, நீயே தலைவன் என்று காட்டு என்பது. அதன் வேர் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் பாசெல் விலங்குக்காட்சிச் சாலையின் ஓநாய்களைப் பற்றி 1947இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. அடைபட்ட இடத்தில் ஒன்றாக வாழ நேர்ந்த ஓநாய்கள் தலைமைக்காகச் சண்டையிட்டதை அவர் கண்டார். ஓநாயாய்வாளர் டேவிட் மீச் தம் 1970ஆம் ஆண்டு நூலில் அக்கருத்தைப் பரப்பினார். பின்னர் அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களுடன் கழித்து, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். பெற்றோர் வழிநடத்துவதற்குப் போரெதற்கு? ஓநாயாய்வு திருந்திவிட்டது, தொலைக்காட்சிப் பயிற்றுநர்கள் பலர் திருந்தவில்லை.

2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மெகன் ஹெரனும் உடனாய்வாளர்களும், நடத்தைச் சிக்கலுக்காக நாயை அழைத்துவந்த 140 உரிமையாளர்களின் விடைகளைத் தொகுத்தனர். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களின் நாய்களில் 43 விழுக்காடும், மல்லாத்தி அழுத்தப்பட்டவற்றில் 31 விழுக்காடும் மூர்க்கமாகத் திருப்பித் தாக்கியிருந்தன.

ஒறுத்தல் சில வேளை பலித்ததுபோல் தோன்றும். நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான். உறுமிய நாய் அடிபட்டு உறுமலை விடுகிறது. அச்சம் போகவில்லை, அறிவிப்பு மட்டும் போயிற்று. அதன்பின் முன்னறிவிப்பின்றிக் கடித்துவிட்டது என்று வீட்டார் வியக்கிறார்கள். உறுமும் நாய் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கடித்த நாயைப் பற்றியும் பயிற்றுநர் முதலில் கேட்பது கடியின் ஆழத்தையே. கால்நடை மருத்துவர் இயன் டன்பர் வகுத்த ஆறு படிகளில், பல் தோலைத் தொடாத பாய்ச்சல் முதற்படி. ஆள் இறப்பது ஆறாவது. பலமுறை கடித்தும் தோலைக் கிழிக்காத நாய், ஒரேமுறை கடித்துத் தசையில் பல்லிறக்கிய நாயைக் காட்டிலும் நம்பிக்கைக்குரியது.

பயிற்சிக்கு முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இடுப்பெலும்பு நோவும் காதுச் சீழும் பல்வலியும் நாயைக் கடிக்கவைக்கும்; வலியைக் கோழித்துண்டால் தணிக்க முடியாது. கூடைவடிவ வாய்க்கூட்டை விருப்போடு அணியப் பழக்குவதும் தொடக்கநிலைப் பணியே. அதற்குள் நாய் வாய்திறந்து மூச்சிரைக்கலாம், நீர் பருகலாம், பரிசுத் துண்டும் வாங்கலாம். அச்சம் மிகுந்தவற்றுக்கு ஃப்ளுவாக்செட்டின் போன்ற மருந்தும் துணையாகும். மருந்து கற்பிக்காது, கற்கும் நிலைக்குக் கொண்டுவரும்.

இத்தனைக்குப் பின்னும் முழுமையாகக் குணமாக்கித் தருகிறேன் என்று சொல்லும் பயிற்றுநரிடம் நாயை ஒப்படைக்க வேண்டாம். பழைய கற்றல் அழிவதில்லை. அதன்மேல் புதியது ஒன்று எழுகிறது. தணிந்த மறிவினை ஓய்வுக்குப் பின் தானே தலைதூக்குவதைப் பாவ்லோவ் கண்டார். புதிய கற்றல் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்வதை உளவியலாளர் மார்க் பூட்டன் விரிவாகக் காட்டினார். பூங்காவில் அமைதி கற்ற நாய் மாடிப்படியில் குலைவது இதனால்தான்; பல இடங்களில், பல நேரங்களில், பலரோடு பாடத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐம்பது அடியில் கலங்கிய நாய் இருபதடியில் அமைதியாக நிற்பதும், அரைமணி நேரம் நடுங்கியது இரண்டு நிமிடத்தில் தெளிவதும் இத்துறையின் உண்மையான வெற்றிகள்.

இதன் எல்லையையும் வீச்சையும் ஒருங்கே காட்டிய நிகழ்வு 2007இல் அமெரிக்காவில் நடந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையிலிருந்து ஐம்பதளவில் சண்டை நாய்கள் மீட்கப்பட்டன. அவற்றைக் கொன்றுவிடலே நன்று என்றன விலங்கு நல அமைப்புகள் சில. நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. மூர்க்கம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே. பல நாய்கள் சீறவில்லை; தரையோடு தரையாக ஒட்டிப் படுத்து நடுங்கின. பராமரிப்புக்காக ஏறத்தாழ 9,28,000 டாலர் செலுத்துமாறு விக்குக்கு ஆணையிடப்பட்டது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கனாப் ஊரிலுள்ள காப்பகத்துக்குச் சென்றன. நற்குடி நாய்த் தேர்வில் தேறினால்தான் வீடுகளுக்குத் தரலாம் என்பது அவற்றுட் பலவற்றுக்கு நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு. பல தேறி வீடு சென்றன. இரண்டு நாய்களை மட்டும் வாழ்நாள் முழுதும் காப்பகத்திலேயே வைத்திருக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவை தமக்கு நன்கு பழகிய பணியாளர்களின் நடுவே அங்கேயே வாழ்ந்து முடித்தன.