கையில் கிடைத்தும் தெரியாத சாவி

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் துறை)



மலர்க் குழு அண்ணன் வந்து, "கவிதை நிறைய வந்தாச்சு, நீ ஏதாவது அறிவியலா எழுதிக் கொடுப்பா" என்றார். மருந்து கண்டுபிடிக்கும் சோதனைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பக்கத்திலிருந்த நண்பன், "நீ படிக்கிறது இன்ஸ்ட்ருமென்டேஷன், உனக்கேண்டா ஊசி மருந்துக் கதை?" என்று சிரித்தான். படித்து முடித்துவிட்டுச் சொல்லட்டும், அது யாருடைய கதை என்று.

என் தாத்தாவின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. 1974-ல் அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த தழும்பு. அதற்கப்புறம் ஆறு மாசம் கஞ்சிதான். இரண்டே வருடம் கழித்து, 1976-ல், சிமெடிடின் என்ற மாத்திரை இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பையே அடக்கி, அல்சரை ஆபரேஷன் இல்லாமல் ஆற வைத்த மாத்திரை. (பெரும்பாலான அல்சருக்கு மூல காரணம் ஒரு பாக்டீரியா என்று 1980-களில் தெரிந்தது தனிக் கதை. அதற்கு 2005-ல் நோபல் பரிசு.)

நம் உடம்பின் செல்களில் ரிசப்டர்கள் இருக்கின்றன. தமிழில் ஏற்பி என்பார்கள். இதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஊறும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள்தான் சாவி. சாவி போய்த் திருப்பினால் செல் வேலை செய்யும். உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது என்கிற மாதிரி ஒரு போலிச் சாவி செய்து பூட்டுத் துவாரத்தை அடைத்துவிட்டால்? உண்மைச் சாவிக்கு இடமில்லை. அதுதான் தடுப்பு மருந்து.

சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள் முன்பே இருந்தன. ஆனால் ஹிஸ்டமினால் வயிற்றில் சுரக்கும் அமிலத்தை அவை துளிக்கூடக் குறைக்கவில்லை. அப்படியானால் வயிற்றில் இருப்பது வேறு பூட்டாக இருக்க வேண்டும் என்று யோசித்தவர் ஜேம்ஸ் பிளாக். இதய நோய்க்கான ப்ரோப்ரனலாலைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 1964-ல் ஸ்மித் கிளைன் அண்ட் பிரெஞ்ச் கம்பெனியின் இங்கிலாந்து ஆய்வகத்தில் வேலையை ஆரம்பித்தார். அந்தப் பூட்டை அதுவரை யாரும் கண்டதில்லை. இருக்கிறதா என்பதற்கே சாட்சி கிடையாது.

சோதித்த முறையைக் கேளுங்கள், நம்ம துறைக்காரர்களுக்குப் பிடிக்கும். மயக்கம் கொடுத்த எலியின் இரைப்பைக்குள் ஒரு குழாய் வழியாகத் திரவத்தை விடுவார்கள். மறுபக்கம் வெளியே வரும் திரவம் பி.ஹெச். எலெக்ட்ரோடைத் தொட்டுக்கொண்டு போகும். ரெக்கார்டரின் பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஹிஸ்டமின் கொடுத்தால் அமிலம் ஏறும், கோடு நகரும். அந்த நேரத்தில் புதுச் சேர்மத்தை ரத்தத்தில் செலுத்தி, கோடு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1958-ல் இந்த முறையை வெளியிட்டவர்கள் கோஷ், ஷில்ட் என்ற இருவர். அந்த எம்.என்.கோஷ் பின்னாளில் நம் புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர்!

முதல் நான்கு வருடத்தில் சுமார் 200 சேர்மங்கள் செய்து பார்த்தார்கள். கோடு அசையவில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தேறியது ஒன்று அவர்கள் அலமாரியிலேயே இருந்தது. குவானில் ஹிஸ்டமின் என்று பெயர், ஆரம்பத்திலேயே செய்தது. அவர்கள் சோதனையிடம் கேட்ட கேள்வி "அமிலம் குறைகிறதா?" என்பது மட்டும்தான். இந்தச் சேர்மமோ தானே கொஞ்சம் அமிலத்தைச் சுரக்க வைத்தது. சரி, இது தூண்டுகிற சாதி என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு அளவைக் கூட்டி மறுபடி சோதித்தபோதுதான் தெரிந்தது: எவ்வளவு கொடுத்தாலும் ஹிஸ்டமின் தரும் உச்ச அளவை இது எட்டவில்லை. அதாவது பாதி மட்டும் திரும்பும் சாவி. பாதிதான் திரும்பும் என்றாலும் துவாரத்தில் உட்கார்ந்திருக்கிறதல்லவா? அப்போது உண்மைச் சாவிக்கு இடைஞ்சல்தானே! மெஷின் பொய் சொல்லவில்லை, பேனா சரியாகத்தான் எழுதியது. கேள்வியில்தான் ஓட்டை.

அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு, திருப்பும் குணத்தைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். 1972-ல் புரிமமைடு. எச்2 என்ற அந்தப் பூட்டு இருப்பது அதோடு நிரூபணமானது. ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் உடம்பு சரியாக ஏற்கவில்லை. அடுத்து மெட்டியமைடு. அது சில நோயாளிகளுக்கு ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது. அதற்குக் காரணமென்று சந்தேகப்பட்ட பகுதியை மாற்றிச் செய்ததுதான் சிமெடிடின். பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எலியை வைத்து ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 குழிகள். இன்னும் சிறியதாக 384, 1536 குழிகளும் உண்டு. ரிசப்டர் உள்ள செல்களைக் குழிகளில் வளர்த்து, ரோபோ கை குழிக்கு ஒரு சேர்மம் வீதம் விடும். கதிரியக்கம் ஏற்றிய சாவியைப் புதுச் சேர்மம் வெளியே தள்ளுகிறதா என்று எண்ணுவது ஒரு முறை. ஆனால் அது "உட்கார்ந்தது" என்று மட்டும்தான் சொல்லும், திருப்பியதா இல்லையா என்று சொல்லாது. அதனால் இன்னொரு முறை. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தைப் போட்டு, தட்டு முழுவதையும் கேமராவால் பார்ப்பார்கள். கால்சியத்தை ஏற்றும் வகை ரிசப்டர்களுக்கு இது நேராகவே பொருந்தும். முதலில் சேர்மத்தை மட்டும் விட்டு ஒருமுறை பார்ப்பது: ஒளிர்ந்தால் தூண்டுகிறது. சில நிமிடம் கழித்து உண்மைச் சாவியை விட்டு இரண்டாம் முறை: ஒளி குறைந்தால் தடுக்கிறது. ஒரே குழியிடம் இரண்டு கேள்வி. குவானில் ஹிஸ்டமின் மாதிரி பாதிச் சாவி வந்தால் இரண்டிலும் தலையைக் காட்டும்.

தானாகவே ஒளிரும் சேர்மங்களும் உண்டு, ஏமாற்றும். ஆகவே ரிசப்டர் இல்லாத செல்லிலும் அதையே போட்டுப் பார்ப்பார்கள். அங்கேயும் ஒளிர்ந்தால் தள்ளுபடி.

சரி, அந்தத் தட்டையே நம்பலாமா? இதற்கு 1999-ல் ஒரு கணக்கு வந்தது, இசட் பிரைம் என்று பெயர். நாம் சிக்னல், நாய்ஸ் என்று படிக்கிறோமே, அதுதான். முழு ஒளி தரும் குழிகளின் சராசரி 10,000, திட்ட விலக்கம் 500. வெறும் குழிகளின் சராசரி 1,000, விலக்கம் 250 என்று வைப்போம். இரண்டு விலக்கத்தையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 2,250. சராசரிகளின் வித்தியாசம் 9,000. வகுத்தால் 0.25. ஒன்றிலிருந்து கழித்தால் 0.75. 0.5-க்கு மேலிருந்தால் நல்ல சோதனை. விலக்கம் 1,500, 1,000 என்று ஏறிவிட்டால் அதே கணக்கு 0.17-க்கு விழும். அந்தத் தட்டில் மருந்து தேடுவது வீண் வேலை.

விளையாட்டாக நம் லேப் பி.ஹெச். மீட்டருக்கும் இதைப் போட்டுப் பார்த்தேன். 4, 7 என்று இரண்டு பஃபர் கரைசல், தலா பத்து ரீடிங். சராசரிகளின் வித்தியாசம் 3. விலக்கம் ஒன்றில் 0.2, மற்றதில் 0.3. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சரியாக 0.5 வரும். லேப் ஸாரிடம் காட்டினேன். "எலெக்ட்ரோடைக் கழுவிட்டு மறுபடி எடுடா" என்றார். கழுவிவிட்டு எடுத்தேன், 0.8.