அடித்தால் நெசவு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி கண்ணில் படுமுன் அதன் ஓசை காதில் விழுந்துவிடும். குழித்தறியில் அமர்ந்தவர் மிதியை அழுத்த, பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது. இடையில் நாடா பாய்ந்து ஊடை இழையை விட்டுச் செல்கிறது. உடனே பலகையை இழுத்து ஓர் அடி. இழை முந்தைய இழையோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த அடி விழாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பட்டும் தொளதொளவென்று நூலாகவே நிற்கும்.

இன்றைய ஈராக்கில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய அக்காடிய மொழி, நெசவுக்குப் பெயர் வைக்க இந்த அடியையே எடுத்துக்கொண்டது. களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் பதிந்திருக்கும் 'மஹாஸு' என்ற வினைக்கு முதற்பொருள் அடித்தல். நெய்தல் என்பதும் அதன் பொருளே. நெசவாளி 'மாஹிஸு', அதாவது அடிப்பவர்.

அந்த வினை காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும் விதமும் தறியை நினைவூட்டுகிறது. ம், ஹ், ஸ் என்ற மூன்று மெய்களும் பாவு போல நிலையாக இருக்கின்றன. உயிரொலிகள் ஊடையாக அவற்றினூடே ஓடுகின்றன. 'இம்ஹஸ்' என்றால் அடித்தான். நடுமெய் இரட்டித்து 'இமஹ்ஹஸ்' ஆனால் அடிக்கிறான், அடிப்பான். முன்னால் 'இ' போய் 'அ' வந்து 'அம்ஹஸ்' ஆனால் அடித்தேன். அக்காடியத்தின் உறவு மொழிகளான அரபியும் எபிரேயமும் இன்றும் இப்படித்தான் சொல் நெய்கின்றன.

தமிழின் வழி வேறு. நெய்தான், நெய்கிறான், நெய்வான்: வேர் குலையாமல் முன்னே நிற்க, காலமும் ஆளும் வரிசையாகப் பின்னே வந்து சேர்கின்றன. மலையாளத்தில் நெய்யுக, கன்னடத்திலும் தெலுங்கிலும் நேயு என்று உடன்பிறப்புகள் உண்டு. வாயில் வாசலாகவும் உயரம் உசரமாகவும் மாறியது போலவே 'நெயவு' நெசவாயிற்று. 'நெய்' என்பதற்குத் தொடுத்தல் என்ற பொருளும் உண்டு. அக்காடியர் காது அடியைப் பிடித்தது. நம் சொல்லோ இழைகள் சேர்வதைப் பிடித்துக்கொண்டது.

காஞ்சிப் பட்டின் தனி அடையாளமான வேலைப்பாட்டுக்கும் அப்படித்தான் பெயர். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடி, இரண்டு நிறங்களும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கோத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல்லால் நெசவாளர்கள் அதைக் கோர்வை என்கிறார்கள். ஆனால் கோர்வையும் பலகை அடித்த பிறகுதான் நிற்கும்.