மாணவியர் நலமும் சமுதாயமும்

ஈச்சிலம்பற்றுப் போன்ற சிற்றூரில் ஒரு பெண் பூப்படைந்தால் அஃது ஊரறிந்த செய்தி. நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் ஊட்டி அவள் உடலைத் தேற்றுவர். சாமர்த்தியச் சடங்குக்குச் சுற்றமெல்லாம் கூடும். ஆனால், சடங்கு முடிந்தபின் அவ்வுடலைப் பற்றிப் பேசுவார் இலர். 'தீட்டு' என்ற சொல் ஒன்றே எஞ்சுகின்றது.

1945-இல் வந்த இலவசக் கல்வி சிற்றூர்ப் பெண்களும் பல்கலைக்கழகம் புக வழி செய்தது. இன்று திருகோணமலை வளாகத்துக்குச் செல்லும் மாணவியுடன் அந்த மௌனமும் செல்கின்றது. விடுதியில் காலையுணவை விடுத்துத் தேநீரோடு நிறுத்திக்கொள்வாருண்டு. மாதந்தோறும் இழக்கும் இரும்புச்சத்து ஈடுசெய்யப்படாவிடின் சோகை உண்டாகும். உணவோடு அருந்தும் தேநீரோ அச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். கடும் வலியையும் பெண்ணாய்ப் பிறந்ததன் விதியெனப் பொறுக்கின்றனர். மணமாகாதவள் பெண்நோய் வைத்தியரை நாடினால் ஊர் என்ன சொல்லுமோ என்னும் அச்சம் வேறு.

உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடிப்பினும், மாதவிலக்கு 21 நாளுக்குள் மீண்டும் வரினும், 35 நாள் கடந்தே வந்துகொண்டிருப்பினும் வைத்தியரைக் காணல் வேண்டும். கவனியாது விட்ட சில நோய்கள் பின்னாளில் கருவுறுதலுக்கு இடையூறாகும்.

1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பயனாக, மருத்துவமாது நம் வீடு தேடி வருகின்றார். அவர் கருவுற்றவர்க்கு மட்டும் உரியவரல்லர். மணமாகாத பெண்ணும் அவரிடம் ஐயம் கேட்கலாம்.

மகள் பூப்படைந்ததை ஊருக்கெல்லாம் அறிவித்த தாய், அவள் வளாகம் புறப்படுமுன் அவளோடு ஒருமுறை மனம்விட்டுப் பேசுவாளாக.