விளையாட்டு ராக்கெட்டும் அறுபது விநாடியும்

எங்கள் வீட்டில் தீபாவளி வந்தால் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, என் அத்தான் ஒரு புஸ்வாணத்தைக் கொளுத்திவிட்டு எட்டி நின்றார். அது பற்றவில்லை. சற்றுப் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பார்த்த கணத்திலேயே அது பிடித்துக்கொண்டது. அவருடைய கண் தப்பியது பகவான் செயல். புருவம் தப்பவில்லை.

சென்ற மாதம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக ஆள் உயர ராக்கெட்டுகளை விடுகிறார்களாமே, எந்த மோட்டாரைப் போடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? எப்படிப் பற்றவைக்கிறார்கள்?" என்று கேட்டான். உடனே எனக்கு அத்தானின் நினைவுதான் வந்தது. ஏனெனில் அந்தக் கலை முழுவதும் இவ்விரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விடை தவறினால் போவது விளையாட்டுச் சாமான் மட்டுமல்ல. விரலும் கண்ணும் போகலாம்.

செருப்புக் கடைக்காரரின் யோசனை

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்து நார்போக் என்னும் ஊரில் ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். வாண வித்தையிலும் தேர்ந்தவர். 1954-ம் வருஷத்தில் அவர் காகிதக் குழாயினால் ஒரு சிறு ராக்கெட் செய்தார். மருந்து தனியாக ஒரு சிறு குழலில் அடைக்கப்பட்டிருந்தது. எரிந்து தீர்ந்ததும் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். உயரே போனதும் குடை விரிந்து ராக்கெட் பத்திரமாக இறங்கிவிடும்.

ஒயிட் ஸாண்ட்ஸ் ராக்கெட் சோதனைத் தளத்தில் உத்தியோகம் பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர், 1957-ம் வருஷத் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். வீட்டில் தாமே மருந்து கலந்து இரும்புக் குழாய்களில் அடைக்கும் சிறுவர்கள் எத்தகைய அபாயத்தில் இருக்கிறார்கள் என்பதே அக்கட்டுரையின் விஷயம். அதைப் படித்த கார்லைல் தம்முடைய ராக்கெட்டைப் பற்றி அவருக்கு எழுதினார். அதே வருஷம் அக்டோபரில் ருஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அமெரிக்கச் சிறுவர்களின் ராக்கெட் மோகம் பன்மடங்காயிற்று. நல்ல வேளையாக மாற்று வழி அதற்குள் பிறந்துவிட்டது. டென்வர் நகரத்து வெர்ன் எஸ்டெஸ் என்பவர், ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் வீதம் ஒரே அளவாகச் செய்து தள்ளும் யந்திரத்தை அமைத்தார். 'மேபல்' என்று அதற்குப் பெண் பெயரும் வைத்தார்! மருந்தைக் கையால் தொடாதே, தொழிற்சாலையில் சோதித்த மோட்டாரையே வாங்கு என்பது அன்று முதல் இந்த விளையாட்டின் முதல் விதியாயிற்று.

அட்சரக் கணக்கு

ஒவ்வொரு மோட்டாரின் மேலும் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் அச்சிட்டிருக்கும். எழுத்து அதன் மொத்த உந்தலைக் குறிக்கும். 'ஏ' என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை. 'பி' 5 வரை. 'ஸி' 10 வரை. இவ்வாறு எழுத்துக்கு எழுத்து இரட்டிக்கும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைத்த கதை நமக்குத் தெரியும். 'ஜி' எழுத்தில் 160-ஐத் தொடுகிற கணக்கு, 'ஓ' எழுத்தில் 40,960-க்குப் போய்விடுகிறது.

'எச்' முதல் மேலே உள்ளவை உயர்சக்தி மோட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இவற்றை வைத்துப் பறக்கவிடும் தகுதிச் சான்று கிடையாது. 'எச்', 'ஐ' வகைகளுக்கு, சங்கத்து அனுபவஸ்தர் முன்னிலையில் ராக்கெட்டை ஏற்றிச் சேதமின்றி இறக்கிக் காட்டவேண்டும். 'ஜே', 'கே', 'எல்' வகைகளுக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. 'எம்' முதல் 'ஓ' வரை மூன்றாவது படி.

சிறு மோட்டார்களில் பெரும்பாலும் கருமருந்து இருக்கும். பெரியவற்றில் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பையும் உலோகப் பொடியையும் ரப்பர் போன்ற பொருளில் குழைத்து இறுக வைத்திருப்பார்கள். 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளில் இருந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இது வெடிமருந்தா, வெறும் எரிபொருளா என்று சர்க்கார் இலாகாவுக்கும் பொழுதுபோக்குச் சங்கங்கள் இரண்டுக்கும் 2000-ம் வருஷத்தில் வழக்கே தொடங்கிற்று. 2009-ல் தீர்ப்புச் சங்கங்களுக்குச் சாதகமாக வந்தது.

எந்த மோட்டார்?

எழுத்துக்கு அடுத்த எண் சராசரி உந்து விசையை நியூட்டனில் சொல்லும். மொத்த உந்தலை இந்த எண்ணால் வகுத்தால் எத்தனை விநாடி எரியும் என்பது வரும். ஓர் உதாரணம் பார்ப்போம். மோட்டாரோடு சேர்த்து ராக்கெட் இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் பாரம் சுமார் 20 நியூட்டன். உந்து விசை பாரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்பது சங்க விதி. ஐந்து மடங்கு நல்லது என்பது அனுபவஸ்தர் வாக்கு. ஆகவே 100 நியூட்டன் வேண்டும்.

400 நியூட்டன்-விநாடி உந்தலுள்ள 'ஐ' மோட்டார்கள் இரண்டு கடையில் இருக்கின்றன. ஒன்று 100 நியூட்டன் விசையோடு நான்கு விநாடி எரியும். மற்றொன்று 400 நியூட்டன் விசையோடு ஒரே விநாடியில் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் சரக்கு ஒன்றே, குணம் வேறு. முன்னது நிதானமாக எழும், பார்க்க அழகு. ஆனால் வழிகாட்டும் தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது போதிய வேகம் இல்லாவிட்டால், காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடும். பின்னது காற்றை லட்சியம் செய்யாது. ஆனால் பாரத்தைப் போல் இருபது மடங்கு விசை தாக்குவதால், பலவீனமாக ஒட்டிய சிறகுகள் பிய்ந்து போகும். காற்றையும் கட்டுமானத்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

இரண்டாவது எண், மருந்து தீர்ந்தபின் குடையை வெளித்தள்ளும் மருந்து பற்ற எத்தனை விநாடி ஆகும் என்பதைச் சொல்லும். ராக்கெட் உச்சியை அடைந்து சற்றே தயங்கும் கணத்தில் குடை விரியவேண்டும். முந்தினால் வேகத்தில் குடை கிழியும்; பிந்தினால் ராக்கெட் ஈட்டிபோல் தலைகீழாக இறங்கும். அந்த ஈட்டிக்குக் கீழே நிற்பவர் யாராகவும் இருக்கலாம்! இதையெல்லாம் இக்காலத்தில் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிட்டு விடுகிறார்கள். மைதானம் சிறிதானால், கையில் காசு இருந்தாலும் பெரிய மோட்டாரை நாடக்கூடாது. எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு தூரம் காற்று அடித்துக்கொண்டு போகும்.

பற்றவைக்கும் விதம்

திரியும் தீக்குச்சியும் இங்கே அடியோடு விலக்கு. மின்சாரமே பற்றவைக்கும். நுனியில் எளிதில் தீப்பிடிக்கும் பூச்சுள்ள மெல்லிய கம்பி ஒன்று உண்டு, இக்னைட்டர் என்பார்கள். பொத்தானை அழுத்தினால் கம்பி சிவந்து பூச்சு எரியும். பெரிய மோட்டாரின் மருந்துக் கட்டியில் நெடுக ஒரு துவாரம் இருக்கும். கம்பியின் நுனி அந்தத் துவாரத்தின் மேல் கோடி வரை போய்த் தொடவேண்டும். அப்போதுதான் ஜ்வாலை உட்புறம் முழுவதும் ஒருங்கே பரவி அழுத்தம் உண்டாகும். கீழே அரைகுறையாக நின்றுவிட்டால் மோட்டார் இருமி இருமிப் புகை விடுமேயன்றிக் கிளம்பாது.

ராக்கெட் ஏவுதண்டில் வானை நோக்கி நின்றபிறகே இக்னைட்டரைச் செருகுவார்கள். கவ்விகளை மாட்டுமுன் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பது வழக்கம்; பொறி வந்தால் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். பிறகு விலகவேண்டும். 'எச்' மோட்டாருக்கு 100 அடி. 'எம்' மோட்டாருக்கு 500 அடி. 'ஓ' மோட்டாருக்கு 1,500 அடி. சாவியைத் திருகி, ஐந்திலிருந்து தலைகீழாக எண்ணி, பிறகு பொத்தான். கையை எடுத்தால் தானே அணைந்துவிடும் பொத்தானாக அது இருக்கவேண்டும்.

ஒன்பது மோட்டார்கள்

மோட்டார்கள் பலவானால் கஷ்டமும் பலவாகும். ஒஹையோ மாகாணத்து ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய ஸாடர்ன் ராக்கெட்டைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தார். உயரம் 36 அடி. பாரம் 1,648 பவுண்டு. நடுவில் 'பி' என்னும் பெரு வகை மோட்டார் ஒன்று, சுற்றிலும் 'என்' மோட்டார் எட்டு. 2009 ஏப்ரல் 25-ல் மேரிலாந்து மாகாணத்தில் பிரைஸ் என்னும் ஊரின் வயலில் அதை ஏவினார்கள். ஒரு பக்கத்து மோட்டார்கள் எரிந்து மறுபக்கத்தவை உறங்கினால் தேர் சாய்ந்த கதைதான். நேரவில்லை. சுமார் 4,440 அடி எழும்பி, குடைகள் விரிய, மெள்ள மண்ணில் வந்து இறங்கிற்று. ஒவ்வோர் இணைப்பையும் பொறுமையோடு சரிபார்க்காதவர் இந்தக் காரியத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

அறுபது விநாடி

எல்லாம் சரியாயிருந்தும் சிற்சில சமயம் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடவாது. கூட்டம் முணுமுணுக்கும், குழந்தைகள் எழுந்து நிற்பார்கள். அப்போது என்ன செய்யவேண்டும்? விதி தெளிவாகச் சொல்கிறது: சாவியை எடு, அல்லது பாட்டரியின் இணைப்பைக் கழற்று, பிறகு அறுபது விநாடி காத்திரு, அதற்குமுன் ஒருவரும் அருகே போகக்கூடாது. தாமதமாகப் பிடிக்கும் நெருப்பு அந்த ஒரு நிமிஷத்துக்குள் தன் குணத்தைக் காட்டிவிடக்கூடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ராக்கெட் விஷயத்தில் ஆசை கொள்வது நல்லதே. ஆனால் மருந்து இடிப்பதும் குழாயில் அடைப்பதும் வீட்டில் கூடவே கூடாது. கணக்கும் காகிதக் குழாயும் காற்றின் போக்கும் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன. கேள்வி கேட்ட பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அறுபது விநாடி ரொம்ப நேரமில்லையா, ஸார்?" என்றான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் வகுப்பு முழுவதையும் சும்மா உட்காரச் செய்தேன். நெடுநேரமாகத்தான் இருந்தது. பிறகு அத்தானின் புருவத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.