கைஜு திரைப்படங்களின் வெளிநாட்டு வெளியீடு

கைஜு திரைப்படங்கள் என்பவை பேருருவ விலங்குகளை மையமாகக் கொண்ட ஜப்பானியத் திரைப்படங்கள் ஆகும். தோஹோ நிறுவனம் தயாரித்து இஷிரோ ஹோண்டா இயக்கிய கோஜிரா (1954) இவற்றுள் முதன்மையானது. ஆங்கிலத்தில் இவ்விலங்கு காட்சில்லா எனப்படுகிறது. வெளிநாட்டவர் பல ஆண்டுகள் கண்டவை மூலப் படங்கள் அல்ல; உரிமை வாங்கியோர் வெட்டியும் ஒட்டியும் உருவாக்கிய பதிப்புகளே.

பின்னணி

1954 மார்ச்சு 1 அன்று பிகினித் தீவில் ஐக்கிய அமெரிக்கா ஐதரசன் குண்டுச் சோதனை நடத்தியது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது படிந்தது; மீனவர் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று கோஜிரா வெளியானது. குண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த கடல் விலங்கு டோக்கியோவை அழிப்பதே கதை.

அமெரிக்கப் பதிப்பு

எட்மண்ட் கோல்ட்மன் என்பவர் 25,000 டாலருக்கு உரிமையை வாங்கினார். 96 நிமிடப் படம் 80 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டு, 1956 இல் 'காட்சில்லா, கிங் ஆஃப் த மான்ஸ்டர்ஸ்!' என வெளியானது. டெர்ரி மோர்சு இயக்கிய புதிய காட்சிகளில் ரேமண்ட் பர் அமெரிக்கச் செய்தியாளராக நடித்தார். மூல நடிகர்களுடன் அவர் பேசுவதுபோல் காட்ட, முகம் தெரியாதவாறு மாற்று நடிகர்கள் நிறுத்தப்பட்டனர்.

நீக்கப்பட்டவை குறிப்பிடத்தக்கவை. தொடருந்தில் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்ததைச் சொல்லும் காட்சி இல்லை. அணுச் சோதனைகள் தொடர்ந்தால் மற்றொரு கோஜிரா தோன்றக்கூடும் என்று முனைவர் யமானே இறுதியில் விடுக்கும் எச்சரிக்கையும் இல்லை. அதற்குப் பதிலாக, உலகம் மீண்டும் வாழலாம் என்ற ஆறுதலுடன் படம் முடிகிறது. குண்டு பற்றிய பேச்சு முற்றிலும் அகற்றப்படவில்லை என்பதால், இதனை அரசியல் தணிக்கை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. வணிக நோக்கும் இருந்தது. விந்தையாக, இப்பதிப்பு 1957 இல் ஜப்பானிலேயே திரையிடப்பட்டது.

பிற்காலம்

1962 இல் வந்த 'கிங் காங் எதிர் காட்சில்லா' படமும் அமெரிக்காவில் மாற்றியமைக்கப்பட்டு 1963 இல் வெளியானது. ஜப்பானியப் பதிப்பில் காட்சில்லா வெல்வதாக நெடுங்காலம் நம்பப்பட்டது, அது தவறு. இரு பதிப்புகளிலும் கடலிலிருந்து நீந்திச் செல்வது காங் மட்டுமே. மேற்கு செருமனியிலோ, பல கைஜு படங்களின் தலைப்பில் தொடர்பே இல்லாத 'பிராங்கென்ஸ்டைன்' என்ற பெயர் சேர்க்கப்பட்டது.

மூல கோஜிரா, அமெரிக்கத் திரையரங்குகளில் ஆங்கிலத் துணையுரையுடன் பரவலாக வெளியாக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 இல் 'காட்சில்லா மைனஸ் ஒன்' படத்தைத் தோஹோவே அமெரிக்காவில் ஜப்பானிய மொழியில், துணையுரையுடன் வெளியிட்டது. அப்படம் 2024 இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.