365 நாள், 365 மதுச்சாலை: ஒரு நகரம் யாரை உட்கார விடுகிறது?

நியூயோர்க் நகரத்தில் 2011 ஆம் ஆண்டு ஒரு எழுத்தாளர் நாளுக்கு ஒரு மதுச்சாலை என்று வருடம் முழுவதும் போய் வந்தார். ஒரு தடவை போன இடத்துக்கு மறுதடவை போகக்கூடாது என்பது விதி. போன இடத்தில் யாரைக் கண்டார், என்ன கதைத்தார்கள், சுவரில் என்ன தொங்கியது என்று எழுதி வைத்தார். அதற்கு முன்னர், 2006 இல், இன்னொருவர் அதே நகரத்தில் ஒரே வருடத்தில் 1000 மதுச்சாலைகளுக்குப் போய்க் கணக்கை முடித்திருந்தார்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "குடிக்கிறவனுக்கு இதுவும் ஒரு சாட்டு" என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பதிலைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் எத்தனை வீடுகளின் நாட்கூலி பின்னேரமே போத்தலாக மாறியது என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எந்த அளவு மதுசாரமும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரு வருடம் நாள் தவறாமல் குடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈரலைத்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் இப்படி 365 இடங்களுக்குப் போகிறவர் கடைசியில் கையில் வைத்திருப்பது குடித்த கணக்கை மட்டுமல்ல. ஒரு நகரம் முன்பின் தெரியாத ஆட்களை எங்கே ஒன்றாக உட்கார விடுகிறது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது என்ற பட்டியல் ஒன்றும் அவரிடம் இருக்கும். பழச்சாறு மட்டும் குடித்தும் அந்தப் பட்டியலைத் தயாரிக்கலாம். அதுதான் எங்களுக்குப் பயன்படக்கூடியது என்று நினைக்கிறேன்.

குடிக்கிற இடத்தைப் படிக்கிற இடமாக மாற்றியவர்கள் முன்பும் இருந்தார்கள். இங்கிலாந்தில் 1937 இல் தொடங்கப்பட்ட 'மாஸ் ஒப்சர்வேஷன்' என்ற அமைப்பு, போல்ட்டன் என்ற பஞ்சாலை நகரத்துக்கு ஆட்களை அனுப்பியது. அங்கே ஏறத்தாழ 300 மதுச்சாலைகள் இருந்தன. அவதானிகள் மூலைகளில் உட்கார்ந்து, யார் எந்தக் கதிரையில் இருக்கிறார், என்ன விளையாடுகிறார், ஒரு கிளாஸை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்றெல்லாம் குறித்தார்கள். அது 1943 இல் புத்தகமாக வந்தது. அதில் எனக்கு மறக்காத ஒரு தகவல் உண்டு: கூட்டமாகக் குடிப்பவர்களின் கிளாஸ்கள் ஒரே அளவில் இறங்குகின்றன. பார்வையற்றவர்கள்கூடப் பக்கத்தில் இருப்பவரின் வேகத்துக்கே குடித்தார்கள். தாகத்தைவிடப் பக்கத்து ஆள்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார் என்பது இதன் பொருள்.

இனி நியூயோர்க்குக்கு வருவோம். அங்கே 365 இடங்களைத் தேடுவது கஷ்டமே இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதிகாலை 4 மணி வரை விற்கலாம். ஆனால் அந்த நகரம் மதுவை அடக்க முயன்ற வரலாறும் நீளமானது. 1896 இல் வந்த ரெய்ன்ஸ் சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹொட்டேல்கள் மட்டும், அதுவும் சாப்பாட்டோடுதான், மது பரிமாறலாம் என்றது. ஹொட்டேல் என்றால் 10 அறையாவது இருக்க வேண்டும். உடனே மதுச்சாலைக்காரர்கள் மேல்மாடியைப் பலகையால் பிரித்துப் பத்து அறை ஆக்கினார்கள். யாரும் தின்னாத ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை போய்வந்தது. அறைகள் விபசாரத்துக்குப் போயின. ஒழுக்கத்துக்காகக் கொண்டுவந்த சட்டம் எங்கே போய் முடிந்தது பாருங்கள். பிறகு 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. அந்தக் காலத்தில் கள்ளத்தனமாக நடந்த சில இடங்கள் இன்றும் திறந்திருக்கின்றன.

இப்படி நாளுக்கொன்றாகப் போகிறவர் என்றோ ஒரு நாள் கட்டாயம் போய்ச் சேரும் இடம், கிழக்கு 7 ஆம் வீதியில் உள்ள மக்சோர்லீஸ். 1854 இல் தொடங்கியது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள், அதைவிடச் சில வருடம் பிந்தியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தரையில் மரத்தூள். குடிக்க ஏல் என்ற பியர் வகை மட்டும், ஒன்று கடும் நிறம், மற்றது வெளிர் நிறம். பரிமாறும் மேடைக்கு மேலே ஒரு பழைய வாயு விளக்குத் தொங்குகிறது. அதில் வரிசையாக எலும்புகள்.

அவை வான்கோழியின் நெஞ்செலும்புகள், கவட்டை வடிவானவை. அந்த எலும்பின் இரு நுனியையும் இருவர் பிடித்து இழுத்து, பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பது அமெரிக்கர்களின் நம்பிக்கை. முதலாம் உலக யுத்தத்துக்குப் புறப்பட்ட பெடியன்கள், போவதற்கு முன் அங்கே சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து எடுப்போம் என்று அந்த எலும்பை விளக்கில் கொழுவிவிட்டுப் போனார்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வந்தவர்கள் எடுத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை வராதவர்களுடையவை.

இந்தக் கதைக்கு மறுகதையும் உண்டு. இந்த மதுச்சாலையைப் பற்றி 1940 இல் எழுதிய ஜோசப் மிட்செல் என்ற பத்திரிகையாளர், கடையின் முதலாவது உரிமையாளருக்கு எதையும் எறியாமல் சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்தது, எலும்புகளும் அப்படி வந்தவைதான் என்று எழுதினார். எது சரி என்று எலும்பு சொல்லாது. ஆனால் பல பத்தாண்டுகளாக அவற்றில் யாரும் கை வைக்கவில்லை. தூசு எலும்பைவிடத் தடிப்பாகப் படிந்து தொங்கியது. 2011 இல் சுகாதாரப் பரிசோதகர் நெருக்கியபோது, வேலையாட்களிடம் விடாமல் உரிமையாளரே ஏறி, ஒவ்வொன்றாக இறக்கித் தூசு தட்டி, மீண்டும் அதே இடத்தில் கொழுவினார். அது செய்தியாக வந்தது.

ஒரு நூற்றாண்டுத் தூசுக்கு அவ்வளவு மரியாதை. துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை 2017 முதல் கொட்டிலிலும் வீதியிலும் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு, இந்தச் செய்தியை எப்படி வாசிப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. வெற்றி பெற்ற நாட்டின் சிப்பாய்களுக்கு ஒரு மதுச்சாலை விளக்குக்கூட நினைவிடமாகிறது.

சரி, அந்தக் கதிரைகளில் யார் இருக்கலாம்?

1966 ஏப்ரல் 21 ஆம் திகதி, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த சில ஆண்கள் நியூயோர்க்கில் மதுச்சாலை மதுச்சாலையாக ஏறி இறங்கினார்கள். பத்திரிகையாளர்களும் கூடப் போனார்கள். போன இடத்தில் எல்லாம், "நாங்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள், எங்களுக்குக் குடிக்கத் தாருங்கள்" என்று கேட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கூடினாலே அது ஒழுங்கீனமான இடம் என்று சொல்லி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கும் வழக்கம் அன்று இருந்தது. சில இடங்களில் சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். ஜூலியஸ் என்ற இடத்தில்தான் பரிமாறுபவர் கிளாஸை வைத்துவிட்டு, விசயம் தெரிந்ததும் அதன் வாயைக் கையால் மூடினார். அந்தக் கை மூடிய படம் இன்றும் கிடைக்கிறது. அவர்கள் கேட்டது மதுவுக்காக அல்ல என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும்.

அதே 1966 இல் யாழ்ப்பாணத்திலும் ஆட்கள் கடைகளுக்குள் ஏறினார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடையில் வாங்கில் இடமில்லை. வெளியே நின்று, போத்தலிலோ பேணியிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் பொலிஸ் தாக்கியது. அதற்குப் பின்னர் சங்கானை, சாவகச்சேரி என்று தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நடந்தன, உயிர்களும் போயின. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒன்பது வருடம் சட்டம் காகிதத்தில் இருந்தது, வாங்கு மாறவில்லை. அன்று யாராவது குடாநாட்டில் 365 தேநீர்க்கடைக்குப் போய் எழுதியிருந்தால், எந்தக் கடையில் யார் வாங்கில், யார் தரையில் என்ற ஆவணம் ஒன்று இன்று எங்கள் கையில் இருந்திருக்கும்.

மக்சோர்லீஸிலும் ஒரு தடை இருந்தது: பெண்களுக்கு இடமில்லை. இதில் விசித்திரம், 1939 முதல் அந்தக் கடையின் உரிமையாளரே ஒரு பெண். டொரத்தி ஓ'கொனல் கிர்வன் என்பவர் தகப்பனிடமிருந்து கடையைப் பெற்றார். கடை திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே போகமாட்டேன் என்று தகப்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். 1969 ஜனவரியில் இரண்டு பெண்கள் உள்ளே போய்க் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குப் போட்டு வென்றார்கள். 1970 ஓகஸ்ட் 10 ஆம் திகதி நகர மேயர் பொது இடங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றே பெண்கள் உள்ளே போனார்கள். ஆனால் பெண்களுக்கென்று ஒரு கழிவறை கட்ட அந்தக் கடைக்கு இன்னும் 16 வருடங்கள் எடுத்தன. அதுவரை இருந்த ஒன்றைத்தான் எல்லோரும் பாவித்தார்கள்.

இலங்கையில் ஒருவர் இப்படி ஒரு வருடத்தைத் தொடங்கினால் என்ன ஆகும்? முதலாவது, 365 என்ற எண்ணே இங்கே எட்டாது. வருடத்துக்கு 12 அல்லது 13 போயா தினங்களில் மதுக்கடைகள் பூட்டு. ஒக்டோபர் 3 மதுவொழிப்புத் தினம், அதற்கும் பூட்டு. இன்னும் சில நாட்களும் உண்டு. இரண்டாவது, தொடங்குபவர் 21 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அவர் ஆணாக இருந்தால் நல்லது. 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று, மதுச்சாலை வளவுக்குள் பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. கொழும்பின் பெரிய ஹொட்டேல்களில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அங்கே வருகிற பெண்களுக்கு அந்த அறிவித்தல் இருப்பதே தெரியாது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு வாரம் ஆக முன்னமே, அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை நீக்கச் சொன்னார், பழையபடி தடை வந்தது. பெண்கள் குடிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆண்கள் குடித்து வந்து அடிப்பதை இத்தனை வருடமாகத் தடுக்க முடியாத அரசு, பெண்ணின் ஒழுக்கத்தைக் காக்க ஐந்தாறு நாளில் அமைச்சரவையைக் கூட்டியது என்பதைத்தான் குறிக்கிறேன்.

நான்காவது, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத இடமே இராது. முன்பு தவறணைகள் இருந்தன. பனையோலைப் பிளாவில் கள் வாங்கி, மண்ணில் குந்தியிருந்து, ஊர்க்கதை முழுவதும் கதைத்துவிட்டு எழும்புவார்கள். அதிலும் சாதி இருந்தது, சண்டையும் இருந்தது, புனிதப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு இடம். இன்று ஏ-9 வழியே நாம் காண்பது பெரும்பாலும் கம்பி போட்ட ஒரு யன்னல். காசு உள்ளே போகும், போத்தல் வெளியே வரும். குடிப்பது குளக்கட்டிலோ, பாழடைந்த வளவிலோ, வீட்டுக்குள் பிள்ளைகளுக்கு முன்னாலோ.

2024 டிசெம்பரில் பாராளுமன்றத்தில் அரசாங்கம் வெளியிட்ட பட்டியலின்படி, அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. நாளுக்கு ஒன்று என்ற கணக்குக்கு நாலு மட்டும் குறைவு. அவற்றில் 172, எஃப்.எல். 4 என்ற வகை: வாங்கிக்கொண்டு போகலாம், இருந்து குடிக்க முடியாது, அதாவது நாம் வைன் ஸ்டோர் என்று சொல்வது. வட மாகாணத்துக்கு 32. அதில் 16 கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும். யாருடைய சிபாரிசில் யாருக்குப் போனது என்று அரசியல்வாதிகள் சில கிழமை சண்டை பிடித்தார்கள், பிறகு ஓய்ந்தது. அதே மாவட்டத்தில் பின்னேரம் ஆறு மணிக்குப் பின் ஒரு பெண்ணோ, வேலை முடிந்த ஒரு பெடியனோ காசு செலவழிக்காமல் போய் உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை என்று எந்த உறுப்பினரும் கேள்வி எழுப்பியதாக நான் வாசிக்கவில்லை.