காலைத் தலைசுற்றல் எல்லாம் பித்தம் அல்ல

காலையில் எழுந்ததும் தலை சுற்றினால், நம்மவர் வீடுகளில் அதைப் பித்தம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இஞ்சிச் சாறோ எலுமிச்சைச் சாறோ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோளாறு எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

தலை எப்படிச் சுற்றுகிறது, எந்த நேரத்தில் சுற்றுகிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதுபோல் இருந்து, ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிட்டால், அது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு. உடலின் சமநிலையை உணர்த்தும் அந்த உறுப்பில் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. அவை இடம் பெயர்ந்து அருகிலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் மூளைக்குத் தவறான தகவல் போகும். இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் உண்டு. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்திற்கே கொண்டுவரும் எப்லி முறைதான் இதற்குச் சரியான சிகிச்சை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது வேறு. நின்ற 3 நிமிடத்திற்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கருதுகிறார்கள். இரத்தக் கொதிப்புக்கும் புரோஸ்டேட் வீக்கத்திற்கும் மாத்திரை உண்ணும் முதியவர்களிடம் இது அதிகம். விடியற்காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் இப்படித்தான். கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, பிறகு எழுவது நல்லது. பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றித் தருவார்.

இன்சுலின் போடும் இனிப்புநீர் நோயாளி இரவு சரியாகச் சாப்பிடாமல் படுத்தால், காலையில் வியர்வை, நடுக்கத்தோடு தலை சுற்றும். இரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், பசியாறும்வரை காத்திருக்கக் கூடாது. 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். சீனி போடாத எலுமிச்சைச் சாறு இங்கே உதவாது.

மாதவிடாயில் அதிக இரத்தம் இழக்கும் பெண்களுக்கு இரத்தச் சோகையும் காரணமாகலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தலைசுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குளறல், கை கால் மரத்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.